மூன்று மணி வெளிச்சம்

அலுவலகத்தில் அவளை டிம்மர் என்றுதான் கூப்பிடுவார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவிக்கு அந்தப் பெயர். சேர்ந்த முதல் வாரமே, அலுவலகத்தை நடத்துகிற சார் வைத்துவிட்டார். கூட்டத்தில் அவள் பேசினால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும்தான் கேட்கும். அவர் வாய்வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். இயற்பியல் படித்த பெண், கணக்கில் கெட்டி, பேச்சில் மட்டும் கஞ்சம் என்று சார் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரித்துவைப்பாள்.

பேசாமல் செய்கிற வேலை என்பதால்தான் அவளுக்கு விளக்கு வேலை பிடித்தது. கட்டடம் கட்டுபவர்கள் சுவரையும் கூரையும் வரைந்து கொடுப்பார்கள். எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம், எங்கிருந்து வர வேண்டும் என்று இவள் முடிவு செய்வாள். சரியாக அமைந்த வெளிச்சத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதுதான் அவளுக்குக் கிடைக்கும் பாராட்டு.

அவள் செய்ததிலேயே அவளுக்குப் பிடித்தது மருந்து பேக்கிங் கூடம். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றும் இடம். தூசி வரக்கூடாது என்று ஜன்னலே வைக்காத நீளக் கட்டடம். கூரையில் வரிசையாகப் பால்நிறக் கண்ணாடிகளைப் பதிக்க வைத்தாள். வெயில் அதில் விழுந்து, சூடு குறைந்து, பரவலாகக் கீழே இறங்கும். மேகம் மறைத்தால் சென்சார் அறிந்து விளக்குகளை மெல்ல ஏற்றும், விலகினால் இறக்கும். மின்கட்டணம் பாதியானது. கட்டடத்துக்குப் பசுமைச் சான்று கிடைத்தது.

அந்தக் கூடத்தின் மேனேஜர்தான் ஒரு நாள் புதிய வரைபடத்தோடு வந்து உட்கார்ந்தார். கூரையில் மற்ற இடமெல்லாம் ஏற்கெனவே சோலார் பேனல். காலியாக இருந்தவை அவளுடைய கண்ணாடிகள்தான். வரைபடத்தில் அவற்றின் மேலும் பேனல் இருந்தது.

"இதையும் போட்டுட்டா சான்றுல இன்னொரு நட்சத்திரம் ஏறும்," என்றார்.

"கண்ணாடிய மூடிட்டா உள்ள இருட்டாயிடுமே."

"என்ன சொல்றாங்க?" என்று மேனேஜர் சாரைக் கேட்டார். சார் எடுத்துச் சொன்னார்.

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன். கண்ணாடிக்குக் கீழ எல்இடி பலகை. கீழேருந்து பாத்தா வானம் தெரியிற மாதிரியே இருக்கணும். பேனல்ல வர்ற கரண்ட்லயே எரியும். சுத்தமான வெளிச்சம், சார். கரியும் இல்ல, புகையும் இல்ல."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். உள்ளே வருகிற வெயிலை மறிப்பது. அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பேனலில் தொலைப்பது. மிஞ்சியதைக் கம்பி வழியாகக் கொண்டுவந்து, வெயில் மாதிரி நடிக்க வைப்பது. காதில் பூச்சுற்றுகிறவர்கள்கூட இவ்வளவு சுற்ற மாட்டார்கள்.

"அந்த வானத்துல மணி எத்தனை?" என்று கேட்டாள். தொழிலில் கேட்க வேண்டிய கேள்விதான். காலை வெளிச்சத்துக்கு ஒரு நிறம், மாலைக்கு ஒரு நிறம்.

இது மேனேஜருக்குக் கேட்டுவிட்டது. "மூணு. காலையிலேருந்து உங்க இஷ்டம்போல போடுங்க. மூணு மணி ஆனதும் அப்படியே நிறுத்திடுங்க. ராத்திரி எட்டு வரைக்கும் மூணாவே இருக்கட்டும்."

"எதுக்கு?" என்றார் சார்.

"ஆறு மணிக்கு ஷிப்ட் முடியுது. அதுக்கு மேல விருப்பப்பட்டவங்க ரெண்டு மணி நேரம் கூட இருக்கலாம். சம்பளம் உண்டு, கட்டாயம் கிடையாது. ஆனா கண்ணாடி மங்க ஆரம்பிச்சதும் ஒருத்தர் பாக்கியில்லாம மேல பாக்குறாங்க. அடுத்து வாசலைப் பாக்குறாங்க. அப்புறம் விருப்பம் எங்கேருந்து வரும்?"

சார் சிரித்தார். டிம்மர் சிரிக்கவில்லை. தன் அண்ணி அந்தக் கூடத்தில்தான் பெட்டி மடிக்கிறாள் என்பதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை என்பதைவிட, வந்தபோதெல்லாம் வாய் வரவில்லை.

நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. அண்ணன், அண்ணி, அவள். அண்ணன் இரவில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், ஏழு மணிக்குப் புறப்பட்டால் விடிந்துதான் வருவார். அவர் வந்து படுக்கும்போது அண்ணி வேலைக்குக் கிளம்பியிருப்பாள். அன்றும் அவர் படியிறங்கிய பிறகுதான் நாத்தனாரும் அண்ணியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டிம்மர் விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"கடங்காரப் பசங்க. பெட்டிக்குள்ள விழுந்துடும்னு வாட்ச் கட்டவிட மாட்டானுங்க. போனை வாசல்லயே வாங்கி வெச்சுக்குவானுங்க. சுவர்ல ஒரு கடிகாரம் இருந்துச்சு, அதையும் கழட்டிட்டு எத்தனை பெட்டி ஆச்சுன்னு காட்டுற போர்டை மாட்டிட்டானுங்க. ஆறுக்கு மணிகூட அடிக்கறது கிடையாது. சூப்பர்வைசர்கிட்ட மணி கேட்டா, 'ஏம்மா, அதுக்குள்ள கிளம்பணுமா'ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கேப்பாரு. உன் கண்ணாடி ஒண்ணுதான் எதுவும் கேக்காம மணி சொல்லும்."

"தெரியும் அண்ணி."

"நானும் உங்கண்ணனும் குடித்தனம் பண்றதே ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவுலதான். மீதி நேரமெல்லாம் நான் அவர் தலையணையோட சண்டை போட்டுக்கிட்டுக் கிடக்கேன். அதுவாவது பதில் பேசாது."

"நான் செய்ய மாட்டேன்னு சொல்லிடப் போறேன்."

"யாருகிட்ட, சுவத்துகிட்டயா?" அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. "வேணாம் நாத்தனாரே. எங்களுக்காக நீ தலையைக் குடுக்காத. நீ மாட்டேன்னா இன்னொருத்தன் போட்டுக் குடுக்கப் போறான். உன் வேலையும் போயி, என் சாயங்காலமும் போயி, என்ன கண்டோம்?"

"சொல்ல வேணாம்னா காட்டிடறேன்," என்றாள் அவள்.

பெரிய வேலைகளுக்கு மாதிரி அறை கட்டுவது வழக்கம். கூடத்தின் ஒரு துண்டை அதே அளவில் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பலகையால் எழுப்பி, விளக்கைப் பொருத்துவார்கள். வேலை கொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்து பார்த்து ஒப்புக்கொள்வார்கள். அவள் யோசனை எளிமையானது. கூடத்தில் இருப்பவர்களைப் போலவே அவர்களும் போனில்லாமல், வாட்சில்லாமல் அந்த மூன்று மணி வெளிச்சத்துக்குள் உட்காரட்டும். வெளியே வந்து இருட்டைப் பார்க்கட்டும். தன் மாலை நேரம் திருடுபோனால் யாருக்கும் சுருக்கென்று தைக்கும். தைத்தவர்கள் மற்றவர்களுக்கு அதைச் செய்ய மாட்டார்கள்.

அதற்காகவே அறையை ஒரு குறையும் வராமல் செய்தாள். மூன்று மணிக்கு வெளிச்சம் ஒரு பக்கமாகச் சற்று அழுத்தமாக இருக்கும், மறுபக்கம் நீலம் தட்டும். நிழலுக்கு விளிம்பு இருக்கும், கூர்மை இருக்காது. நடுவே ஒரு மெல்லிய மேகம்கூடப் போக வைத்தாள். தயாரானதும் தனியாகப் போய் நின்றாள். கண் கூசவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

நாலு மணிக்கு மேனேஜரோடு மருந்துக் கம்பெனி முதலாளியம்மா வந்தார். பருத்தி உடை, எளிமையான செருப்பு, யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷி. போனை வெளியே வைக்கச் சொன்னதும் மேனேஜர், "சரியான சோதனை, மேடம்," என்று வாட்சையும் கழற்றிக் கொடுத்தார். உள்ளே சார் படம் போட்டு விளக்கினார். முதலாளியம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். பேனலின் ஆயுள் எவ்வளவு, பலகை பழுதானால் யார் மாற்றுவது, பழைய பலகை எங்கே போகும். நல்ல கேள்விகள். டிம்மர் மூலையில் நின்று காத்திருந்தாள்.

வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முதலாளியம்மா வாசற்படியில் நின்றுவிட்டார்.

"மணி என்ன?"

மேனேஜர் போனைப் பார்த்தார். "ஏழாகப் போகுது மேடம்."

"அஞ்சரைக்கு எனக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும்."

டிம்மர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதலாளியம்மா இருட்டைப் பார்த்தார், திரும்பி அறையைப் பார்த்தார், பிறகு கன்னத்தில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எனக்கே தெரியலையே. அவங்களுக்கு எங்க தெரியப் போகுது? பிரமாதம்மா. யார் செஞ்சது, இந்தப் பொண்ணா?"

சார் அவள் தோளைத் தட்டினார். "டிம்மர், ஜெயிச்சுட்ட."

அவள் ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது எதிர்ச்சாரியில் போன ஆள் திரும்பிப் பார்த்தார்.

"நான் செய்ய மாட்டேன்."

"உள்ள போய்ப் பேசிக்கலாம்," என்றார் சார்.

"இங்கயே பேசலாம் சார். மேடம், நீங்க ஒரு தடவை ஏமாந்தீங்க, சிரிச்சுட்டீங்க. உங்களுக்கு டாக்டர் இன்னொரு நாள் குடுப்பாரு. அங்க இருக்கறவங்க தினமும் ஏமாறணும்."

"யாரையும் பூட்டி வெக்கலையேம்மா," என்றார் முதலாளியம்மா பொறுமையாக. "கதவு திறந்துதானே இருக்கு."

"கதவு திறந்துதான் இருக்கு. போகணும்னு தோணுறதைத்தான் மூடச் சொல்றீங்க."

"உனக்கு அங்க யாராவது வேண்டியவங்க இருக்காங்களா?" என்றார் மேனேஜர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"என் அண்ணி இருக்காங்க. அவங்க இல்லாட்டியும் மாட்டேன்."

சார் முகம் சிவந்துவிட்டது. "நீ போடலன்னா நான் போடுவேன். ரெண்டு நாள் வேலை."

"போடுங்க சார். என் கையால நடக்காது."

சொன்னபடி சாரே போட்டார். அவள் தேடிப் பிடித்த மூன்று மணியை அப்படியே எடுத்துப் போட்டார். முந்தின இரவே அவள் அதைக் கணினியிலிருந்து அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. ஒளிந்து செய்வது அவர்கள் வேலை, தன் வேலை அல்ல என்று இருந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தின் வரைபடத்தைக் கொடுத்து, யாரும் வராத கோடி மேசையில் உட்காரவைத்தார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் மேல் என்று நினைக்கும்படி நடத்தினார்கள்.

கூரை மூடிய முதல் நாள் அண்ணி இருட்டி வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். அண்ணன் ஏழேகால்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தார். மேசையில் அவள் தட்டை இன்னொரு தட்டால் மூடிவைத்திருந்தார்.

"எல்லாம் தெரிஞ்சுதான்டி உள்ள போனேன்," என்றாள் அண்ணி. "எப்படியும் அஞ்சு, அஞ்சரை இருக்கும்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. நேரமானது உடம்புக்குத் தெரியுது, கண்ணு நம்ப மாட்டேங்குது." மூடிய தட்டைத் திறக்காமலே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் டிம்மர் சாரிடம் எதுவும் கேட்காமல் ஐந்தரைக்கே ஸ்கூட்டரை எடுத்தாள். கூடத்தின் வாசலில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறு மணியாயிடுச்சு. உள்ள சொல்றீங்களா?"

"அது என் வேலை இல்லம்மா."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"பாஸ் இருக்கா?"

பாஸ் இல்லை. அவள் சுவரோரமாக நடந்து பின்பக்கம் போனாள். அங்கே லாரி வந்து நிற்கும் இடம், தரையைத் தொடும் இரும்பு ஷட்டர். பொதுத் தெருவைப் பார்த்து இருந்தது. விரல் முட்டியால் தட்டினாள். உள்ளே இயந்திரங்களின் இரைச்சலில் அது கொசு கடித்த மாதிரிகூட இருந்திருக்காது. உள்ளங்கையால் அடித்தாள். கை காந்தியதுதான் மிச்சம். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். அதைப் பட்டையைப் பிடித்துச் சுழற்றி ஷட்டர்மேல் ஓங்கி அடித்தாள். ஷட்டர் மேலிருந்து கீழ்வரை இடி மாதிரி உருண்டது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மறுபடி அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள்.

காவலாளி ஓடிவந்தார். "என்னம்மா பண்ற?"

"மணி சொல்றேன்."

"மணியா? பைத்தியமா உனக்கு?"

"ஆறு," என்று ஷட்டரைப் பார்த்துக் கத்தினாள். "ஆறு ஆயிடுச்சு. வெளிய இருட்டிக்கிட்டு வருது."

உள்ளே ஒரு இயந்திரம் நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பேச்சுக் குரல்கள் எழுந்தன, நாற்காலிகள் உரசின. பக்கக் கதவு திறந்து தலையில் வலைத்தொப்பியோடு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் செய்தது ஒன்றுதான். நின்று, கழுத்தைத் தூக்கி, மேலே பார்த்தார்கள். மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. ஒருத்தி, "அடப்பாவிங்களா," என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் அவர்களை விலக்கிக்கொண்டு வந்தார். "உன்ன எனக்குத் தெரியும். போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. வந்தா அவங்களும் மணி பாப்பாங்க."

"நாளைக்கு இந்தப் பக்கம் வந்து பாரு."

"வருவேன். ஆறு மணிக்கு."

அவர் பேச்சு எடுபடவில்லை. அதற்குள் பாதிப் பேர் போனை வாங்க வாசலுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் நகராமல், இவள் இன்னும் என்ன சொல்வாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. ஹெல்மெட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி தொப்பியைக் கழற்றி மேனேஜர் கண்முன்னாலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் போனை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். அண்ணன் புறப்பட இன்னும் அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தது. அண்ணி ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது.

"நாளைக்கு இது தாங்காது நாத்தனாரே," என்றாள். "உங்கண்ணன் வண்டி ஸ்பேனரை எடுத்துட்டு வா."