ராசாவின் காதுக்குள் குங்குமம்

கணேசலிங்கத்துக்கு அன்றைக்கு அழுகை வராத குறை. கனடாவில், டோர்வல் விமான நிலையத்தில் எட்டு மணி நேரம் ஊரார் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த மனுசன், கை கழுவி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தபாலில் வந்த காசை எடுத்து லென்ஸுக்குக் கீழே பிடித்தார். பிடித்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட பழைய இந்திய வெள்ளி ரூபாய். விற்றவரின் விளம்பரத்தில் என்ன போட்டிருந்தது? 'தரம் அறுபத்தைந்து.' காசு சேர்ப்பவர்களின் கணக்கில் எழுபதுதான் உச்சம். அறுபதுக்கு மேலே என்றாலே கடை கண்ணிக்குப் போகாத, ஒருவர் கையிலும் புரளாத காசு என்று அர்த்தம். இந்த ராசாவோ நன்றாகவே புரண்டிருந்தார். தாடி தேய்ந்து வெறும் நாடியாகிவிட்டது. கிரீடத்தில் ஒரு கல்லைக்கூடக் காணவில்லை. நாற்பது போட்டாலே அது தர்மம்.

போன வருஷம் இரண்டு தடவை இப்படி ஏமாந்திருந்தார். இரண்டாம் தடவை, மனைவி சிவாஜினிக்கு முன்னால் சாமிப்படத்தைப் பார்த்துச் சத்தியமும் செய்துவிட்டார்: "இனி ஒருக்கா ஏமாந்தனெண்டால் முழுக் காசையும் வித்துப்போட்டு அந்தக் காசு அலுமாரியை உமக்கே தாறன்." இருபத்திரண்டு வருஷச் சேர்ப்பு. பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்தச் சின்ன வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அந்த அலுமாரிதான்.

காசை மெல்லச் சட்டைப்பைக்குள் ஒளிக்கப் பார்த்தார். சிவாஜினி விடுவாளா?

"என்னப்பா, முகம் செத்துப்போய்க் கிடக்கு? காட்டுங்கோ." பறித்து, லென்ஸ்கூட இல்லாமல் பார்த்தாள். "இதென்ன, ராசாவின்ர காதுக்குள்ள சிவப்பா? ஐயோ, குங்குமமெல்லே!"

உண்மைதான். காதுமடலுக்குள் நல்ல சிவப்புக் குங்குமம் அப்பிக் கிடந்தது.

"கை படாத காசாம்! பூசையே நடந்திருக்கு. பொதியில விலாசம் கிடக்கு, கர்க்லாண்ட், பணக்காரர் இருக்கிற பக்கம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே, நேரில போய்க் கேப்பம்."

"நான் தனியப் போறன்."

"நீங்கள் தனியப் போனால் வித்தவரிட்டை மன்னிப்புக் கேட்டுப்போட்டு வருவியள்."

அதுவும் உண்மைதான்.

சண்டைக்குப் போகிறவர்கள் நேரே போகவேண்டுமா இல்லையா? இவர்கள் ஜான்-டலோன் சந்தையில் காரை நிறுத்தினார்கள். ஒரு வீட்டுக்கு முதன்முதலாகப் போகும்போது வெறுங்கையோடு போவதா? சிவாஜினி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து ஒரு பெட்டி மாம்பழம் வாங்கினாள்.

"சண்டை பிடிக்கப் போற இடத்துக்கு இவ்வளவு நல்ல பழமோ?" என்றார் கணேசலிங்கம்.

"பின்னே, அழுகல் பழமே குடுக்கிறது? என்ன நினைப்பினம்?"

கர்க்லாண்டில் கதவைத் திறந்தவர் காசை விற்ற பாலசந்திரன், சென்னைக்காரர், ஓய்வு பெற்ற இன்ஜினியர். அவர் மனைவி கமலினி மாம்பழத்தைக் கண்டதும், யார் எவர் என்றுகூடக் கேட்காமல் இருவரையும் உட்கார வைத்து, வாழைக்காய் பஜ்ஜி சுட்டுக் கொண்டுவந்தாள். சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாய்க்குள் பஜ்ஜியை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டையைத் தொடங்குவது? மூன்றாவது பஜ்ஜியில் சிவாஜினி மேசைக்குக் கீழே ஒரு உதை விட்டாள். கணேசலிங்கம் காசை எடுத்து வைத்தார்.

"இது... கொஞ்சம்... தரம் குறைவு மாதிரிக் கிடக்கு. நீங்கள் குறை நினைக்கக்கூடாது."

பாலசந்திரனுக்குச் சுருக்கென்றது. "சார், நாப்பது வருஷமா காசு சேக்கறேன். நான் அறுபத்தஞ்சுன்னா அது அறுபத்தஞ்சுதான்." லென்ஸை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முகம் கறுத்தது. "இது என் காசே இல்ல. நீங்க மாத்திக் கொண்டாந்திருக்கீங்க!"

கணேசலிங்கத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படியொரு கோபம் அவருக்கு வந்ததே இல்லை. எழுந்து நின்று, "நான் மாத்தேல்லை!" என்று கத்தினார். கத்திவிட்டு, "மன்னிக்கோணும்," என்றார்.

"இந்த மனுசனுக்கு மாத்தத் தெரிஞ்சிருந்தால் நாங்களும் இண்டைக்குக் கர்க்லாண்டிலயெல்லே இருப்பம்!" சிவாஜினி பாய்ந்தாள். "ராசாவின்ர காதைப் பாருங்கோ. அந்தக் குங்குமம் எங்கையிருந்து வந்தது?"

அடுத்த தட்டு பஜ்ஜியோடு வந்த கமலினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க... கத்தாதீங்க. அது நம்ம பூஜை ரூம் காசு."

"என்னது?"

"லட்சுமி பூஜைக்கு வெச்சிருந்தது தேஞ்சு போச்சு. உங்க ரூம்ல ஒரு சின்னப் பெட்டிக்குள்ள பளபளன்னு ஒண்ணு இருந்துச்சு. அதே ராஜா, அதே தாடி. மாத்தி வெச்சுட்டேன். நீங்கதான் காத்து படக்கூடாதுன்னு எதையும் திறக்கவே மாட்டீங்களே!"

அதுதான் நடந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு முந்தி எடுத்த படத்தை விளம்பரத்தில் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்தும் பாராமல் அப்படியே தபாலில் சேர்த்திருக்கிறார் மனுசன்.

கமலினி சாமி அறையிலிருந்து தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். சந்தனத்துக்கும் பூவுக்கும் நடுவே கிடந்தது அசல் காசு. "வாரா வாரம் பாலாபிஷேகம் பண்ணி, புளி போட்டு நல்லாத் தேச்சு..."

"தேச்சியா?"

"பளிச்சுனு இருக்க வேணாமா?"

பாலசந்திரன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. லென்ஸைக் கணேசலிங்கத்திடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க சார். எவ்வளவு தேறும்?"

காசின் முகமெல்லாம் கீறல். "ஐம்பது," என்றார் கணேசலிங்கம். பிறகு பாலசந்திரனின் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஐம்பத்தைஞ்செண்டும் சொல்லலாம்," என்றார். இருவரும் செத்த வீட்டில் போலத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள்.

"உங்க பணத்த இப்பவே அனுப்பிடறேன்," என்று பாலசந்திரன் ஃபோனை எடுத்தார். கமலினி கையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. விளக்கேத்தியாச்சு. பணம் வெளிய போகக்கூடாது."

"இது ஃபோன்ல போற பணம் கமலி!"

"எதுல போனா என்ன? வீட்ட விட்டுப் போகுதா இல்லையா?"

இனி இருக்கிறது கூத்து என்று கணேசலிங்கம் பயத்தோடு மனைவியைப் பார்த்தார். அவளோ காசு கிடந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது சரிதானே," என்றாள், கோயிலில் கதைக்கிற குரலில். "திங்கள் அனுப்புங்கோ."

திரும்பி வரும் வழியில் கணேசலிங்கம்தான் வாயைத் திறந்தார். "சத்தியம் சத்தியம்தான். நாளைக்கே ஆளைப் பிடிச்சு எல்லாத்தையும் வித்துப்போடுறன்."

"என்னத்துக்கு? ஆர் உங்களை ஏமாத்தினது? அது அவையின்ர குடும்பப் பிரச்சினை. ஒண்டும் விக்க வேண்டாம்."

கணேசலிங்கத்துக்கு வந்த சந்தோஷத்தில் கார் கொஞ்சம் வளைந்து ஓடியது. இந்த மனுசியையா இத்தனை நாளும் பொல்லாதவள் என்று நினைத்தேன் என்று மனம் உருகிப்போனார்.

"அப்ப உமக்கு அலுமாரி வேண்டாமோ?"

"வேண்டாம்."

"போன கிழமையும் கேட்டனீர்."

சிவாஜினி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "வாங்க வாறவன் லென்ஸ் வைச்சுப் பாப்பானெல்லே."

"பாக்கட்டுமன். என்ர காசுக்கு என்ன குறை?"

"கீழ்த்தட்டில, சின்னச் சின்னப் பெட்டிக்குள்ள இருந்த கனடா வெள்ளி டொலருகள்..." குரல் இறங்கிக்கொண்டே போனது. "வருஷப்பிறப்புக்குச் சொந்தக்காரப் பிள்ளையளுக்குக் கைவிசேஷம் குடுக்கப் பளபளப்பா வேணுமெண்டு எடுத்தனான். சும்மா எடுக்கேல்லையப்பா. ஒவ்வொரு பெட்டிக்குள்ளையும் திருப்பிக் கடையில மாத்தின ஒரு டொலர் வைச்சனான். காசு காசுதானே எண்டு நினைச்சன்."

கணேசலிங்கம் காரை ஓரமாக நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எத்தினை பிள்ளையள்?"

"உங்கட பக்கம் மட்டுமெண்டால் பதினொண்டு," என்றாள் சிவாஜினி.