தலையாட்டியின் கன்னிப் பேச்சு

நாடாளுமன்றத்தில் ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கொட்டாவிக்காவது திறந்தாக வேண்டும். நம் உறுப்பினர் அதையும் கைக்குட்டைக்குள் முடித்துக்கொள்கிறவர். அவருடைய இருக்கை போக்குவரத்து அமைச்சரின் வலது தோளுக்கு நேர் பின்னால் இருந்தது. அமைச்சர் பேசும்போதெல்லாம் தொலைக்காட்சியில் அவர் முகத்தோடு இவர் தலையும் தெரியும். "ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன" என்று அமைச்சர் சொன்னால் அந்தத் தலை மேலும் கீழும் ஆடும். "ஓடவில்லை என்பது எதிர்க்கட்சியின் கட்டுக்கதை" என்றால் இடமும் வலமும் ஆடும். இப்படியாக, நாடு முழுக்க அவருக்குத் தலையாட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்கும் அவர் தலையாட்டிவிட்டார்.

ஆட்டாதவர் ஒருவர் உண்டு. அவருடைய மனைவி. தொகுதி ஆஸ்பத்திரியில் இருபத்து நாலு வருடமாகப் பிரசவ வார்டு நர்ஸ். ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். சரக்கு ரயில் மூன்று ஊருக்கு அப்பால் புறப்படலாமா என்று யோசிக்கும்போதே இங்கே கேட்டை இறக்கிவிடுவார்கள். பிறகு அரை மணி, முக்கால் மணி, கடவுள் விட்ட வழி. அந்த வரிசையில் நின்ற வண்டிகளுக்குள் நர்ஸம்மா இதுவரை மூன்று பிரசவம் பார்த்திருக்கிறார். மூன்றாவது குழந்தைக்கு ஊர் வைத்த செல்லப்பெயர் லெவல் கிராசிங்.

"இந்தக் கூட்டத்தொடர் முடியறதுக்குள்ள அந்த கேட்டைப் பத்தி நீங்க எழுந்து பேசணும்" என்றார் நர்ஸம்மா ஒருநாள். "இல்லேன்னா அடுத்த தேர்தல்ல உங்களுக்கு எதிரா நானே நிக்கிறேன்."

"எந்தக் கட்சியில?"

"கட்சி எதுக்குங்க? ஊர்ல பாதிப் பேரை வெளிய எடுத்ததே நான்தான். எனக்குப் போட மாட்டாங்களா?"

தலையாட்டி மனசுக்குள் கணக்குப் போட்டார். இருபத்து நாலு வருடத்தில் முதல் ஆறு வருடத்துப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஓட்டு வந்துவிட்டது. அவர்களைப் பெற்றவர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. போன தடவை அவர் ஜெயித்த வித்தியாசம் இருநூற்றுப் பதினாலு.

அதிர்ஷ்டவசமாக ரயில்பாதை மசோதா ஒன்று வரவிருந்தது. அதன் எண்பத்தேழாவது பிரிவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொடுத்தார்: கேட் பத்து நிமிடத்துக்கு மேல் மூடியிருந்தால், கேட் கீப்பர் காரணத்தை ஒரு நோட்டில் எழுதி, அங்கே நிற்கிற யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கூடவே பதினோரு பக்கத்தில் ஒரு உரை. குளியலறைக்குள் அவர் பேசிப் பழக, கதவுக்கு வெளியே நின்று நர்ஸம்மா திருத்தினார். "'பேறுகால அவலம்'னு நீட்டாதீங்க, 'வலி வந்த பொம்பளை'ன்னு சொல்லுங்க. புரியும்." பதினோரு பக்கத்திலும் அவர் பார்வைக்குத் தப்பியது முதல் வரி மட்டும்தான். கம்பீரமாக இருக்கட்டுமே என்று தலையாட்டி அதைக் கடைசி நேரத்தில், அவையில் உட்கார்ந்தபடியே, தானே எழுதிச் சேர்த்தார். பின்னால் நடந்ததெல்லாம் அந்தக் கம்பீரத்தால் வந்த வினை.

கூட்டத்தொடரின் கடைசி நாள் அன்று. காலமான மூன்று முன்னாள் உறுப்பினர்களுக்காகக் காலையில் அவை எழுந்து நின்றது. இரண்டு பேருக்காகத்தான் நின்றிருக்க வேண்டும். மூன்றாமவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று அவருடைய மருமகன் தொலைபேசியில் தெரிவித்தார். அவை வருத்தம் தெரிவித்தது. எதற்காக என்று குறிப்பில் இல்லை.

பிற்பகல் மசோதா வந்தது. போக்குவரத்து அமைச்சர் ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். அதில் எட்டு முறை ரயில் தேசத்தின் நரம்பாகவும், இரண்டு முறை முதுகெலும்பாகவும் ஆனது. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, இது நரம்பில்லாத மசோதா என்று முழங்கி, தம் ஆட்களோடு வெளிநடப்புச் செய்தார். வெளிநடப்பு நேரே கேண்டீனுக்குத்தான் போகும். வேறு வழி கிடையாது. சற்று நேரத்தில் ஆளுங்கட்சிக்காரர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அமைச்சரும் அவசர போன் என்று எழுந்து போனார். நாலரை மணிக்கு அவையில் மிஞ்சியவர்கள் பதினெட்டுப் பேர். அவர்களில் ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு சங்கதி. அவை நடக்கக் குறைந்தது ஐம்பது பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கோரம் என்று பெயர். ஆனால் ஐம்பது பேர் இல்லை என்று யாராவது எழுந்து சொல்லாதவரை, இருப்பதாகவே வைத்துக்கொள்வது வழக்கம். பந்தியில் இலையை எண்ணக்கூடாது என்பதுபோல, அவையில் தலையை எண்ணக்கூடாது. இத்தனை வருடத்தில் எத்தனையோ சட்டங்கள் பதினைந்து பேர் முன்னிலையில் பிறந்து, நாட்டையே ஆட்டிப்படைத்திருக்கின்றன. யாரும் எண்ணியதில்லை.

"அடுத்து, திருத்தம் கொடுத்த உறுப்பினர். நாலு நிமிடம்" என்றார் சபாநாயகர், கடிகாரத்தைப் பார்த்தபடி. அவருக்கு ஐந்தரைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது.

தலையாட்டி எழுந்தார். மேலே பார்வையாளர் மாடத்தில் நர்ஸம்மா குடையையும் பையையும் வாசல் காவலரிடம் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தலையாட்டி தொண்டையைச் செருமினார். அந்தச் சத்தத்தில் தூங்கியவர்களில் இருவர் விழித்தார்கள்.

"தேசத்தின் நரம்பாகிய ரயிலைப் பற்றிப் பேச நான் எழுந்திருக்கும் இவ்வேளையில், இந்த மாபெரும் அவையில் பதினெட்டே பேர் அமர்ந்திருப்பதைக் கண்டு வெட்கித் தலைகுனிகிறேன்!"

சொல்லிவிட்டு நிஜமாகவே தலையைக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவைச் செயலாளர் கையிலிருந்த பேனா கீழே உருண்டுகொண்டிருந்தது.

"கோரம் இல்லைன்னு உறுப்பினர் சுட்டிக்காட்டுறாரா?" என்றார் சபாநாயகர்.

"ஐயோ, இல்லைங்க ஐயா. அது சும்மா ஒரு வருத்தம்."

"வருத்தத்துல எண்ணிக்கை இருக்கே."

"வேணும்னா நிறையப் பேர் இருக்காங்கன்னு மாத்திச் சொல்லிடறேங்க ஐயா."

"பதிவாயிடுச்சு. மணியை அடிங்க."

மணி அடித்தது. ஐந்து நிமிடத்துக்குள் ஐம்பது பேர் சேராவிட்டால் அவை கலையும். கடைசி நாள் என்பதால் மசோதாவும் அதோடு சாகும். திருத்தமும் உடன்கட்டை ஏறும். தலையாட்டி தயங்கித் தயங்கி மாடத்தைப் பார்த்தார். நர்ஸம்மா தலையில் கை வைத்திருந்தார். மாடத்தில் சைகை கூடாது என்று காவலர் வந்து அந்தக் கையை இறக்கச் சொன்னார். கை இறங்கியது. பார்வை இறங்கவில்லை.

கேண்டீனில் மணி கேட்டதும் ஆளுங்கட்சிக் கொறடா வாயிலிருந்த பிஸ்கட்டோடு எழுந்தார். கொறடாவின் வேலை, ஓட்டெடுப்பு என்றால் கட்சி ஆட்களை அவைக்குள் ஓட்டிச் சேர்ப்பது. அவரைப் பொறுத்தவரை மணி என்றால் ஓட்டெடுப்பு. முப்பது வருடத்தில் கோரத்துக்காக மணி அடித்து அவர் கேட்டதே இல்லை.

"ஓட்டு! ஓட்டு! ஓடுங்கய்யா!"

"எதுக்கு ஓட்டுண்ணே?"

"அதெல்லாம் உள்ள போய்க் கேட்டுக்கலாம். நம்மது எப்பவும் 'ஆம்'தான?"

டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடியவர்கள், கிளாஸோடு ஓடியவர்கள், செருப்பை விட்டுவிட்டு ஓடியவர்கள் என்று எல்லாரும் உள்ளே வந்து விழுந்தார்கள். போக்குவரத்து அமைச்சரும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்து உட்கார்ந்தார். செயலாளர் எண்ணினார். நாற்பத்தொன்பது. இன்னும் பத்து விநாடி. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வெளிநடப்பின்போது மேசையில் மறந்துவைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க எதிர்க்கட்சித் தலைவர் வந்துகொண்டிருந்தார்.

"ஐம்பது" என்றார் செயலாளர்.

தலையாட்டிக்கு உயிர் வந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடியவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். காகிதங்களைத் தட்டிச் சீராக்கினார். ஒன்பது வருடத்தில் இவ்வளவு பேர் இவருக்காக வந்ததில்லை. "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே..."

"உறுப்பினரோட நேரம் முடிஞ்சிருச்சு. உட்காருங்க."

"ஐயா, நான் எங்கய்யா பேசினேன்? மணிதானே அடிச்சது?"

"நாலு நிமிஷம் உங்களுக்கு. அஞ்சு நிமிஷம் மணி அடிச்சது. நீங்க சொல்லித்தான் அடிச்சது. கணக்குப் பார்த்தா நீங்கதான் அவைக்கு ஒரு நிமிஷம் தரணும்."

சிரிப்பொலி எழுந்தது என்று குறிப்பில் இருக்கிறது. நிறைந்த அவையை வீணாக்கச் சபாநாயகருக்கு மனமில்லை. அதைவிட, பல்லுக்கு மனமில்லை. "எண்பத்தேழாம் பிரிவில் உறுப்பினர் கொடுத்த திருத்தம். ஏற்போர் 'ஆம்' என்க."

அமைச்சர் இதை எதிர்க்க வேண்டும் என்று அவருடைய கோப்பில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆனால் அவர் கோப்பைத் திறந்து பார்த்ததில்லை; பக்கம் எடுத்துக் கொடுக்கும் அதிகாரிகள் கேண்டீனில் நிம்மதியாக டீயை முடித்துக்கொண்டிருந்தார்கள். கொறடா முதல் ஆளாகக் கத்தினார்: "ஆம்!" பின்னாலேயே கூரை அதிர, "ஆம்!" எதிர்ப்போர் என்றதும் எதிர்க்கட்சித் தலைவர் பழக்கதோஷத்தில் "இல்லை" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"'ஆம்' என்போரே அதிகம். திருத்தம் நிறைவேறியது."

அடுத்த மூன்று நிமிடத்தில் மசோதாவும் நிறைவேறியது. தலையாட்டி பதினோரு பக்கத்தோடு நின்றுகொண்டே இருந்தார்.

வராந்தாவில் கொறடா அவரை மடக்கினார். "யாரைக் கேட்டுய்யா திருத்தம் குடுத்தீங்க?"

"உங்களைத்தாண்ணே. ரெண்டு மாசம் முன்னாடி கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே."

"யோவ், படிச்சுப் பார்த்தா கையெழுத்துப் போடுவாங்க?"

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் தலையாட்டி பதினோரு பக்கத்தையும் புரட்டிக்கொண்டே வந்தார். நர்ஸம்மாதான் பேசினார். "ஒரே வரி பேசினீங்க, சட்டமே மாறிடுச்சு. பாக்கி பதினோரு பக்கத்தையும் பேசியிருந்தீங்கன்னா அமைச்சர் கோப்பைத் திறந்திருப்பாரு."

"இருந்தாலும் ஒருத்தர்கூடக் கேக்கலையே."

"அப்போ நானே நிக்கட்டுமா?"

பதில் சொல்வதற்குள் கார் நின்றது. கேட் மூடியிருந்தது.

முன்னால் ஒரு பஸ், இரண்டு லாரி, ஆட்டோக்கள், பைக்குகள். இவர் இறங்கியதும் சனம் அடையாளம் கண்டுகொண்டது. "ஐயா, ரேடியோவுல சொன்னாங்க! நம்ம கேட்டைப் பத்திப் பேசினீங்களாமே! என்ன பேசினீங்க?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. தலையாட்டி சட்டைப்பையிலிருந்து பதினோரு பக்கத்தையும் எடுத்து, கேட்டுக்கு முதுகு காட்டி நின்றார். கூட்டத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார்.

"எண்ணாதீங்க" என்றார் நர்ஸம்மா.

எண்ணவில்லை. முதல் வரியை விட்டுவிட்டு ஆரம்பித்தார். நிஜமாகவே நன்றாகப் பேசினார். வலி வந்த பெண் வண்டிக்குள் காத்திருப்பதைச் சொன்னபோது லாரி டிரைவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலாம் பக்கத்தில் சரக்கு ரயில் வந்தது. அது போகும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஏழாம் பக்கத்தில் நர்ஸம்மாவைக் காணவில்லை. தலையாட்டி அதைக் கவனிக்கவில்லை. எட்டாம் பக்கத்தில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம்.

"அதான் ரயில் போயிருச்சே, தொறய்யா கேட்டை!"

"ஐயா பேசிட்டிருக்காருல்ல?" என்றார் கேட் கீப்பர், பிடியில் கை வைத்தபடி, மரியாதையாக.

"...ஆகவே, ஒரு நிமிடம்கூட இந்தக் கேட் அநாவசியமாக மூடிக்கிடக்கலாகாது!" என்று பதினோராம் பக்கத்தை முடித்தார் தலையாட்டி. கைதட்டல் எழுந்தது. கேட்டும் எழுந்தது.

கேட் கீப்பர் புத்தம்புது நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். சட்டம் கையெழுத்தாகி நடைமுறைக்கு வர ஒன்றரை வருடமாகும் என்பது அவருக்குத் தெரியாது. ரேடியோவில் கேட்டதும் கடைக்குப் போய் வாங்கிவிட்டார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்: "மூடியிருந்தது முப்பத்தொன்பது நிமிடம். காரணம்: ரயில், பன்னிரண்டு நிமிடம். மீதி, உறுப்பினர் உரை."

"இன்னொரு வரி சேத்துக்கோப்பா" என்று ஆட்டோ ஒன்றின் பின்னாலிருந்து குரல் வந்தது. நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "ஆண் குழந்தை. ஏழு மணி இருபது. தாயும் பிள்ளையும் சுகம்."

ஆட்டோ ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்தது. தலையாட்டி கையிலிருந்த காகிதங்களை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்ன முழிக்கிறீங்க? ஏறுங்க வண்டியில" என்றார் நர்ஸம்மா. "இவனுக்கு ஓட்டு வர இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நீங்க தப்பிச்சீங்க."

தலை தானாக மேலும் கீழும் ஆடியது.