குழாயடிப் படம்

சிதம்பரம் கீழவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த சேரனுக்குக் கல்யாணப் படங்கள் சோறு போட்டன. பேர் வாங்கித் தரவில்லை. மஞ்சக்குப்பத்தில் வருஷா வருஷம் நடக்கும் புகைப்படப் போட்டிக்குக் கோபுரம், தேர், நாட்டியம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி அனுப்பிரியாவின் தம்பி விஜயகுமார் கடலூரிலிருந்து வந்திருந்தான். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. சமீபத்தில்தான் கேமரா வாங்கியிருந்தான்.

"மாமா, போட்டிக்கு ஒண்ணு அனுப்பலாம்னு இருக்கேன். சொந்தக்காரன்னு பாக்காம உள்ளதைச் சொல்லுங்க," என்று கேமராவை நீட்டினான்.

படத்தில், துறைமுகத்துக்கு வெளியே ஒரு தெருக்குழாய். மீன் விற்று முடித்த ஒரு பெண், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். பின்னால் பஸ் நிற்கிறது. படியில் நிற்கும் கண்டக்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்.

சேரன் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மீன் விற்று அவனை வளர்த்த அம்மா தைலம்மாள், அவன் படித்த பள்ளிக்கூட வாசலில் நின்று இதையேதான் செய்வாள். இத்தனை காலம் கேமராவைத் தூக்கித் திரிந்தும் அவனுக்குத் தோன்றாத படம், நேற்று வந்தவன் கையில் இருந்தது.

டீ கொண்டுவந்த அனுப்பிரியா எட்டிப் பார்த்தாள். "டேய், நம்ம ஊரு செல்லாயி சித்தி! அப்படியே இருக்காங்கடா."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றான் சேரன். அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போனதும் ஆரம்பித்தான். "பஸ்ஸு சாய்ஞ்சிருக்கு பாரு. தலைக்கு மேல கரண்ட் கம்பம் முளைச்சி நிக்குது. படத்து ஓரத்துல முழங்கை வெட்டுப்பட்டிருக்கு. வானம் வெளுத்தே போச்சு."

ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுவே அவனுக்கு வசதியாகப் போயிற்று.

"அதெல்லாம் என் தப்புதான் மாமா. ஆனா அந்த மொகம்?"

சேரன் கேமராவை மேசைமேல் வைத்தான். "அந்தம்மாகிட்ட கேட்டு எடுத்தியா?"

"இல்ல..."

"நம்ம பொம்பளைங்க மேல நாத்தம் அடிக்குதுன்னு நீயே ஊருக்குக் காட்டுற. பஸ்ல அவுங்கள ஒதுக்குறவனுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்? அத வச்சி பரிசு வேற வேணுமா மச்சான்?"

விஜயகுமாரின் முகம் கறுத்துவிட்டது. டீயைத் தொடவில்லை.

"வேற எங்கயாவது ஏத்தி வச்சிருக்கியா?"

"இல்ல மாமா. மொதல்ல உங்ககிட்டதான் காட்டுறேன்."

"அப்ப அழிச்சிடு."

அழித்தான். அழித்த படத்தை மெமரி கார்டிலிருந்து மீட்க முடியும். அதன்மேல் புதுப் படங்கள் விழுந்துவிட்டால் முடியாது. இரண்டும் சேரனுக்குத் தெரியும். "தேரடிப் பக்கம் போயி கார்டு ரொம்புற வரைக்கும் எடு. பழகணும்ல," என்று தோளில் தட்டி அனுப்பினான். சாயங்காலம் கார்டு நிரம்பிவிட்டது என்று விஜயகுமார் வந்து சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

மாசி மகத்துக்கு எல்லோரும் தேவனாம்பட்டினத்தில் மாமியார் வீட்டில் கூடியிருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது அனுப்பிரியா தம்பியிடம் கேட்டாள்.

"செல்லாயி சித்தி படம் எங்கடா? நீ எடுக்குறத அவங்க பாத்துக்கிட்டுதான் இருந்தாங்களாம். பெருசு பண்ணி வீட்டுல மாட்டணும்னு ஆசையா கேக்குறாங்க."

சேரன் பிசைந்த சோற்றை எடுக்காமல் இருந்தான்.

"அது அசிங்கம்க்கா. நல்லவேள, மாமா சொன்னாரு. இல்லன்னா மானம் போயிருக்கும்," என்றான் விஜயகுமார். பிறகு ஆசையோடு போனை நீட்டினான். கடல், ஒரு படகு, ஆரஞ்சு நிறத்தில் உதயசூரியன். "இது எப்புடி மாமா?"

சேரன் வாங்கி நிதானமாகப் பார்த்தான்.

"பிரமாதம் மச்சான். இதையே போட்டிக்கு அனுப்பு."