இடது மறை நட்டு

பாளையம்பட்டி போகிற சாலையில் தாவீதுராஜின் லேத் பட்டறை இருந்தது. லேத் சீமையில் செய்தது; மதுரையில் ஒரு மில் ஏலத்தில் எடுத்தது. எடுத்தது தாவீதுராஜ் மட்டுமல்ல, அவனும் சிநேகிதன் வெள்ளத்துரையும் சேர்ந்து. மாட்டுவண்டியில் அதைக் கொண்டுவந்து இறக்கிய நாளில் தாவீதுராஜின் மனைவி ரூத் இரண்டு பேருக்கும் கேப்பைக்கூழ் கரைத்துக் கொடுத்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சேர்ந்தவர்கள் பிரிந்தது ஒரு போர்டால். பெயர் எழுத வந்த பெயிண்டர் தாவீதுராஜ் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டான். பலகையில் இடம் போதாமல் வெள்ளத்துரை பெயரை மூலையில் பொடி எழுத்தில் ஒட்டவைத்தான். "நீ சொல்லாமலா எழுதுனான்?" என்றான் வெள்ளத்துரை. "எங்கிட்டயே கேக்குறியா?" என்றான் இவன். அதோடு பேச்சு நின்றது. வெள்ளத்துரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தனி லேத் பட்டறை போட்டான்.

அறுபத்தொன்பதில் மழை பொய்த்தது. கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போனதால் பம்புசெட்டுகள் ஓயாமல் ஓடித் தேய்ந்தன. திருச்சுழிப் பக்கத்து இருளப்பசாமி தேய்ந்துபோன பம்பு ஷாப்டைக் கொண்டுவந்து போட்டார். அதைப் பிடித்துக் கடையப்போகிற நேரத்தில் பழைய லேத் கையை விரித்தது. உளியை முன்னும் பின்னும் நகர்த்துகிற திருகும் அதன் வெண்கல நட்டும் தேய்ந்து, கைப்பிடி அரைச் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் முன்பெல்லாம் உளி அசையும். இப்போது நட்டின் உள்ளே வெட்டியிருந்த மறையே இல்லை. கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தது; உளி நின்ற இடத்திலேயே நின்றது.

தாவீதுராஜ் இரண்டையும் கழற்றி மதுரைக்குக் கொண்டுபோனான். ஒற்றை உருப்படி, அதுவும் இடப்பக்கம் சுற்றினால் இறுகுகிற இடது மறை என்றதும் யாரும் கையில் வாங்கவில்லை. திரும்பி வந்தவன் சாக்கில் சுற்றி மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தான்.

மறுநாள் அவன் காரியாபட்டிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தபோது, ரூத் சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெள்ளத்துரை பட்டறைக்கு நடந்தாள்.

"வா தங்கச்சி. அவன் அனுப்புனானா?"

"இல்லண்ணே. அவுகளுக்குத் தெரியாது. நீங்க வேண்டாம்னா எடுத்துட்டுப் போறேன்."

வெள்ளத்துரை சாக்கை அவிழ்த்தான். திருகின் நுனியில் இருந்த ஒரு சொட்டையை விரலால் தடவினான். "இது நான் பண்ணுனது. வண்டியில இருந்து எறக்கும்போது கீழ போட்டுட்டேன். உம்புருசன் கல்லைத் தூக்கிட்டு என்னைய அடிக்க வந்தான்." சொல்லிவிட்டுத் தலையைத் தூக்காமலே, "வச்சிட்டுப் போ," என்றான்.

அன்று ராத்திரி அவள் புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் சாக்கு இல்லாததை அவனும் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று அவளுக்குப் பட்டது.

நான்கைந்து நாள் கழித்து வெள்ளத்துரையே சைக்கிளில் வந்தான். புதுத் திருகு, புது நட்டு, இரண்டுக்கும் எண்ணெய் தடவியிருந்தது.

தாவீதுராஜ் எழுந்து நின்றான். "ஏலே, உன்னைய யாரு கேட்டா?"

"நீயா கேட்ட? மிசினு கேட்டுச்சு. ஸ்பானர எடு."

மாட்டி முடிக்கும்வரை இருவரும் வேலைப் பேச்சு தவிர வேறு பேசவில்லை. ரூத் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைக்கு ஒரு துண்டு இரும்பைப் பிடித்து ஓடவிட்டு, தாவீதுராஜ் பழைய பழக்கத்தில் கைப்பிடியை வெடுக்கென்று அரைச் சுற்றுச் சுற்றினான். புது நட்டில் இளக்கம் ஏது? உளி நேரே போய் இரும்பைக் கடித்துப் பிய்த்து எறிந்தது.

மூன்று பேரும் பின்வாங்கினார்கள். முதலில் சிரித்தவன் வெள்ளத்துரை. "எத்தனை வருசமா காத்தைச் சுத்திக்கிட்டு இருந்திருக்க, தாவீது!" பிரிந்த பிறகு முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு, தாவீதுராஜுக்குச் சிரிப்பு வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. பிய்ந்த இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இருளப்பசாமியின் ஷாப்டை அன்றைக்கு வெள்ளத்துரைதான் கடைந்தான். தாவீதுராஜ் பக்கத்தில் நின்று அளவு பார்த்தான். பட்டறைகள் இரண்டாகவே இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தாவீதுராஜும் ரூத்தும் சர்ச் விட்டு வரும்போது வெள்ளத்துரையின் சைக்கிள் வீட்டு வாசலில் நிற்கும். எழுபதுகளின் கடைசியில் புது லேத் வாங்கி, பழையதைப் பிரித்து வண்டியில் ஏற்றியபோது ரூத்துக்கு அழுகை வந்தது. இரும்புக்காக யாராவது அழுவார்களா என்று தாவீதுராஜ் கேலி செய்தான். அவள் இரும்புக்காக அழவில்லை. கூழ் கரைத்துக் கொடுத்த அந்த முதல் நாளில், எண்ணெய்க் கையோடு இரண்டு பேரும் ஒரே செம்புக்கு அடித்துக்கொண்டது நினைவுக்கு வந்துவிட்டது.