இலை பிடிக்க ஆள் வேண்டாத கேமரா

1

இந்தக் கதை என் கடையில் பிறந்தது. கடையென்றால் எனக்குச் சொந்தமானது இல்லை. லான்செஸ்டன் என்கிற ஊரில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் பத்தொன்பது வருடமாகக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், வலது மணிக்கட்டில் கட்டுப் போட்ட பெண்மணி ஒருவர் வந்தார். சின்னப் பூச்சிகளைப் படமெடுக்கக் கேமரா பாடி மட்டும் வேண்டும், லென்ஸ் இருக்கிறது என்றார். இரண்டு பாடிகளை எடுத்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "வியாழக்கிழமை வந்து சொல்றேன்" என்று போய்விட்டார். வாசலில் ஒருவர் காகித உறையிலிருந்து சாசேஜ் ரோல் தின்றபடி அவருக்காக நின்றிருந்தார். உள்ளே வரவேயில்லை.

நான் கண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

கட்டுப் போட்ட பெண்மணிக்கு நோலீன் என்று பெயர் வைத்து, முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நோலீனின் நகக்கண்ணில் ஒரு பிரபஞ்சமே—' வேண்டாம். இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

அடுத்தது: 'பெரிய சென்சார் உள்ள பாடியில் இலைப்பேனின் இறக்கை முடியைக்கூட எண்ணலாம். சின்ன சென்சாரில் முடி சற்று மங்கினாலும் பூச்சியின் உடம்பு கூடுதலாக ஃபோகஸில் நிற்கும். மேலும்—' இது கதையில்லை, வியாபாரம். வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் கதை நகராது. பெரிய பாடி கனம், தூக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பூச்சிக்கு இலை இம்மி அசைந்தாலும் படம் போச்சு. அதனால் இலையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். சின்ன பாடியை ஒரே கையில் தூக்கலாம். மறு கையால் காம்பைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸை ஊன்றிக்கொள்ளலாம். ஆள் தேவையில்லை.

அந்த ஆளுக்கு ரஸ் என்று பெயர் வைத்தேன். வாசலில் நின்றவர்தான். நோலீனின் முன்னாள் கணவர். விவாகரத்தாகிப் பதினோரு வருடமாகியும் ஞாயிறுதோறும், வெயில் ஏறிப் பூச்சிகள் துள்ள ஆரம்பிப்பதற்கு முன்னால் வந்து இலை பிடிக்கிறார்.* அவர்களுக்குள் மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

* நன்றாகப் பிடிக்கிறார் என்று சொல்ல முடியாது. ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படமெடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்குவது நோலீனின் வழக்கம். ஒருமுறை நடுவில் ரஸ் மூச்சு விட்டுவிட்டார். பேன் ஒரு காலை மாற்றி வைத்தது. அடுக்கிய படத்தில் ஏழு கால். கவனிக்காமல் புகைப்படச் சங்கப் போட்டிக்கு அனுப்ப, நடுவர் எல்லோர் முன்னாலும் எண்ணிக் காட்டினார். அன்றிலிருந்து ரஸ்ஸுக்குப் பெயர் ஏழாங்கால்.

3

சின்ன பாடியை ரஸ் வாங்கவிடமாட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. புதன்கிழமை அவரைத் தனியாகக் கடைக்கு வரவழைத்தேன். (வரதராஜன் என்கிற என்னை இந்த ஊர் 'வாரோ' ஆக்கிவிட்டது.)

"வாரோ, கனமானதுதான் உசத்தின்னு அவகிட்ட சொல்லிடேன்."

"அவங்க மணிக்கட்டு என்ன ஆகும்?"

"இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டின கை. தாங்கும்."

"அந்தக் கையிலதான் இப்ப கட்டு."

காகித உறையைக் கசக்கினார். "பெரிய சென்சாருன்னா முடியெல்லாம் தெரியுமாமே."

"சென்சாரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், ரஸ்?"

"ஒண்ணும் தெரியாது." கசக்கிய உறையை நீவி மடித்தார். "சின்னதை வாங்கிட்டான்னா ஞாயித்துக்கிழமை நான் எங்க போறது?"

முதல் வரைவில் இந்தக் கடைசி வரி இல்லை. அதில் அவர் வெறும் சுயநலக்காரர், எழுதும்போதே எனக்குக் கோபம் வந்தது. வரியைச் சேர்த்ததும் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. [அவர் கண் கலங்] என்று எழுதி நிறுத்திவிட்டேன். சட்டையில் ஒட்டிய துணுக்குகளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார், அவ்வளவுதான்.

4

முடிவு ஒன்று. நான் பொய் சொல்கிறேன். நோலீன் கனமானதை வாங்குகிறார். கோடை வருவதற்குள் கை தாங்காமல் கேமரா அலமாரிக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமையும் அதோடு போகிறது.

முடிவு இரண்டு. உண்மையைச் சொல்கிறேன். நோலீன் தனியாகவே அழகழகான படங்கள் எடுக்கிறார். ரஸ் காருக்குள் உட்கார்ந்து சாசேஜ் ரோல் தின்கிறார். இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

5

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். ரஸ் இந்த முறை வாசலில் நிற்காமல் நோலீனோடு உள்ளே வந்தார்.

"சின்னதை எடுங்க நோலீன்" என்றேன். "இலை பிடிக்க ஆள் வேண்டாம்."

ரஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் நோலீன். கல்லா மேல் ஜாடியில் மஞ்சள் வாட்டில் பூக்கள் கிளையோடு இருந்தன. யாரும் கேட்காமலே ரஸ் ஒரு கிளையை உருவி நீட்டினார். பூவில் நிஜமாகவே ஓர் இலைப்பேன் இருந்தது. (நான்தான் வைத்தேன்.) நோலீன் தன் லென்ஸை மாட்டி, சின்ன பாடியை வலது கையில் உயர்த்தினார்.

"நடுங்குது."

"கேமராவா?"

"நீதான். மூச்சை அடக்கு, ஏழாங்கால்."

"அடக்கிட்டேன்."

"அடக்கினவன் பேசமாட்டான்."

ரஸ் மூச்சை இழுத்து நிறுத்தினார்.

இத்தனை வருடமாகக் கனமான கேமராவையே தூக்கிய நோலீனின் இடது கை, படமெடுக்கும்போது முதல் தடவையாகச் சும்மா இருக்கிறது. அது மெதுவாக மேலே வருகிறது. காம்பை ரஸ்ஸிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அல்லது ரஸ்ஸின் மணிக்கட்டைப் பற்றி, அதன் மேல் லென்ஸை ஊன்றலாம். இரண்டிலும் படம் ஒரே தரத்தில்தான் வரும், கடைக்காரனாகச் சொல்கிறேன். அந்தக் கை எங்கே போகிறது என்று எழுத எனக்குத் தைரியமில்லை. அதை நீங்களே பார்த்து ஓரிடத்தில் வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ரஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.