அடிமரத்தில் வைத்த முடிச்சு

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்தில் முடிவானபோது ராஜாங்கம் மட்டும் அதற்குச் சந்தோஷப்படவில்லை. இட ஒதுக்கீடு வேண்டாமென்றா? பி.ஏ. முடித்து நான்கு வருஷமாக வேலைக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவன் அவன். ஆனால் மறியல் தொடங்கும் அதே வியாழக்கிழமைதான் சடையன் மலையிலிருந்து இறங்கி வருவதாக இருந்தது. குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆளேற்றும் லாரியில் இருவரும் போய்விடுவதாக ஏற்பாடு.

ஒருவன் மலையடிவாரக் கச்சிராயபாளையத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. இன்னொருவன் கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குகிறவன். கீழே உள்ளவர்களுக்கு மலைக்காரன் என்றால் இளப்பம், மேலே உள்ளவர்களுக்குக் கீழ்நாட்டான் என்றாலே ஏமாற்றுக்காரன். இந்த அழகில் ஆணுக்கும் ஆணுக்கும் காதல் வேறு.

சாலையோரப் புளியமரத்தடியில்தான் சந்திப்பார்கள். போன வருஷம் சடையன் புல்லைத் திரித்து அதன் தாழ்ந்த கிளையில் முடிச்சுப் போட்டான்.

"எங்க பக்கம் தேன் மரத்துல இத கட்டிட்டா வேற எவனும் தொட மாட்டான். இனிமே இது நம்ம எடம்" என்று ராஜாங்கத்தின் கையைப் பிடித்தவன், இருட்டும்வரை விடவில்லை.

வியாழன் காலை, சாலையை மறிக்க வெட்டிப் போடுவதற்கு வீரமுத்து மாமன் அந்த மரத்தைத்தான் காட்டினார். தன் மகளை ராஜாங்கத்துக்குக் கட்டிவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"வேற மரம் பாக்கலாம் மாமா."

"இன்னாடா, மரத்துக்குப் பரிஞ்சிக்கினு வர்ற?"

கோடாலி விழுவதற்குள் ராஜாங்கம் முடிச்சை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டான். மரம் சாய்ந்ததும் அதை அடிமரத்தின் மேல் பத்திரமாக வைத்தான். காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் ஏற்றினான். சடையன் வந்தால் புரிந்துகொள்வான் என்று நினைத்தான். கூட்டம் அவனை அடுத்த முக்குக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஐந்து நாள் சடையனைக் காணோம். ராஜாங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. வாய் கோஷம் போட்டது, கண் மலையிலேயே இருந்தது.

ஆறாம் நாள், உப்பு வாங்க நடந்தே இறங்கி வந்த சடையனின் அக்கா காசியம்மாள் அவனை மறித்தாள்.

"வாணாம்னா வாயால சொல்றதுதான? முடிச்ச அவுத்து அடியில வச்சா, 'எனக்கு வாணாம், எவனாச்சும் எடுத்துக்கோ'ன்னு அர்த்தம். அன்னிக்கே வந்து பாத்துட்டுத் திரும்பிட்டான். ரோடு தெறந்ததும் லாரி ஏறப் போறான்."

ராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் கிளம்பினான்.

"எங்கடா?" என்றார் மாமன்.

"மலைக்கு. உங்க பொண்ணுக்கு வேற எடம் பாருங்க மாமா."

பாதி மலை ஏறுவதற்குள், சாலையில் கிடந்த மரங்களை அப்புறப்படுத்தும் சத்தம் கீழேயிருந்து கேட்டது. இந்த மறியல் எப்போது முடியும் என்று சபித்துக்கொண்டிருந்தவன், இன்னும் ஒரு மணி நேரம் நீடிக்கக் கூடாதா என்று வேண்டினான். ஆளேற்றும் லாரி அவனைத் தாண்டி மேலே போனது. கையைக் காட்டியும் நிற்கவில்லை. ஓடினான்.

மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரில் பாதிப் பேர் லாரியில் ஏறியிருந்தார்கள். மூட்டையோடு நின்ற சடையன் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விளக்கம் சொல்ல ராஜாங்கத்திடம் மூச்சு இல்லை. குனிந்து புல்லைப் பிடுங்கித் திரித்து, அத்தனை பேரும் பார்க்க, சடையனின் மணிக்கட்டில் கட்டினான்.

சடையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இப்பிடிக் கட்டுனா அவுந்துடும்யா" என்று பல்லால் இழுத்து இறுக்கினான். பிறகு லாரியில் ஏறி, மேலிருந்து கையை நீட்டினான்.