சம்பந்தி தேடித் தந்த பந்து

எடையளவு இன்ஸ்பெக்டருக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் தராசு. முப்பது வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கிற மனுஷன். யாரையும் நம்பாத குணம் அந்த வேலைக்கு நல்லதுதான். கஷ்டம் என்னவென்றால், சாயங்காலம் ஆபீசைப் பூட்டும்போது அந்தக் குணத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வர அவருக்குத் தெரியாது. வீட்டில் பால் பொங்கினால்கூட, இன்றைக்கு ஏன் சீக்கிரம் பொங்கியது என்று கேட்பார்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டு வயதில் கோல்ஃப் ஆடக் கிளம்பியதற்குக் காரணம் சம்பந்தி. சம்பந்தி பல் டாக்டர், சிரித்த முகம். மகளுக்குக் கல்யாணம் முடிந்த மாதமே, "வாங்க சம்பந்தி, காலாற நடந்த மாதிரியும் இருக்கும்" என்று ஊர் ஓரத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஒன்பது குழி, இரண்டு சுற்று. குறைந்த அடியில் முடிப்பவர் கெட்டிக்காரர். சம்பந்தி தொண்ணூறு அடியில் முடித்தார். தராசுக்கு நூற்று இருபத்தொன்று ஆனது. ஆட்டம் முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு சம்பந்தி வீட்டில், மகள் கையால். தராசின் மனைவிக்கு ஞாயிறு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி என்பதால் அதுவே வழக்கமாகிவிட்டது.

நூற்று இருபத்தொன்று! தன் கையில் கோளாறு இருக்கும் என்று தராசுக்குத் தோன்றவே இல்லை. கருவியில்தான் கோளாறு இருக்கவேண்டும். அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. இரண்டு முழங்கையையும் சேர்த்துக் கட்டுகிற ரப்பர் பட்டை வந்தது. தரையில் வைத்துக் கண் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கண்ணாடி வந்தது. சவுக்கு மாதிரி வளைகிற கம்பி, அதன் முனையில் ஆரஞ்சு நிறக் குண்டு. அதுவும் போதாமல், ஆபீசில் கழித்துப்போட்ட அரைக்கிலோ படிக்கல் ஒன்றை எழுதிக் கேட்டு வாங்கிவந்து மட்டையின் தலையில் கம்பியால் கட்டினார். முதல் வீச்சிலேயே அது பிய்த்துக்கொண்டு போய்த் தொட்டிச் செடியைப் பதம் பார்த்தது.

மனைவி ரப்பர் பட்டையைத் தூக்கிப் பார்த்து, "எங்க வார்டுக்குக் குடுத்துடுங்க. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குறவங்களுக்கு ஆகும்" என்றாள்.

கடைசியாக வந்ததுதான் கீல் மட்டை. நடுவில் ஒரு கீல். வீச்சில் கொஞ்சம் பிசகினாலும் மட்டை பாதியில் மடங்கித் தொங்கும். சரியாக வீசினால் மடங்காது. தராசுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று, பொய் சொல்லாத கருவி என்று. ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டுத் தினமும் ஐம்பது வீச்சு. மைதானத்திலும் விடவில்லை. ஒவ்வொரு அடி அடித்த பிறகும் பையைத் திறந்து கீல் மட்டையை எடுத்து நாலு தடவை வீசிப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்துவைப்பார். சம்பந்தி பாவம், பொறுமைசாலி. "நீங்க மெதுவா வாங்க, நான் முன்னாடி போய் உங்க பந்தைத் தேடி வைக்கிறேன்" என்று நடந்துவிடுவார்.

பலன் கிடைத்தது. நூற்று நாலு. அடுத்த ஞாயிறு நூற்றொன்று. அதற்கடுத்த ஞாயிறு தொண்ணூற்றெட்டு. ஒரு தடவை தப்புக் காட்டிய தராசை மூன்று முறை வேறு வேறு நாளில் சோதித்து, மூன்றும் சரியாக இருந்தால்தான் மறுபடி முத்திரை. இது சட்டத்தில் இல்லை, அவராக வைத்துக்கொண்ட விதி. அதன்படி மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் கீல் மட்டையின் பிடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அன்றைக்கு அவர் தரையில் நடந்தாரா என்பதே சந்தேகம்.

பிறகு சம்பந்தி பல் டாக்டர்கள் மாநாட்டுக்கு வெளியூர் போனார். தராசு இரண்டு ஞாயிறு தனியாக ஆடினார். நூற்றுப் பதினேழு, நூற்று இருபது. சம்பந்தி திரும்பி வந்த ஞாயிறு, தொண்ணூற்றொன்பது.

நோட்டைப் பார்த்தார். அதே மட்டை, அதே பந்து, அதே செருப்பு. முதலாளி கல்லாவில் உட்கார்ந்தால் ஒரு எடை, உட்காராவிட்டால் ஒரு எடை காட்டுகிற தராசை அவர் பார்த்திருக்கிறார். அவருக்கு மூக்கு வேர்த்தது.

கணக்குச் சீட்டில் அடிகளை எழுதுவது சம்பந்தி. அங்கேதான் விளையாட்டு நடக்கிறதோ என்று சட்டைப் பையில் எண்ணுகிற பொத்தானை ஒளித்துவைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு அமுக்கு அமுக்கினார். கணக்கு அச்சாகச் சரியாக இருந்தது. அப்புறம்தான் மண்டைக்குள் ஒன்று குடைய ஆரம்பித்தது: தனியாக ஆடினால் பந்து புதரில் கிடக்கிறது. சம்பந்தி தேடினால் மட்டும் எப்படிப் புல்தரையில் கிடக்கிறது?

கேட்டுவிடலாம். ஆனால் யாரைப் பார்த்துக் கேட்பது? மகள் வாழ்கிற வீட்டுப் பெரியவரை. ஒரு வார்த்தை தடித்தால் அவர் மகள்தான் அந்த வீட்டில் தலைகுனிந்து நிற்கவேண்டும். அந்தப் பயத்தில் தராசு வாயைத் திறக்கவில்லை. செல்போனைத்தான் திறந்தார். வீச்சைப் படம் பிடிக்கிறேன் என்று சொல்லி, ஒரு குச்சியில் போனை மாட்டிப் பின்னால் நட்டுவைத்தார். அடித்தார். பந்து வழக்கம்போல வலதுபக்கப் புதருக்குள் போனது. வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு கீல் மட்டையை வீசினார். போனை மட்டும் நிறுத்தவில்லை.

தன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தார். சம்பந்தி புதருக்குப் போகிறார். திரும்பிப் பார்க்கிறார். குனிகிறார். பந்தைக் கையில் எடுத்துப் பத்தடி நடந்து, நல்ல புல்லாகப் பார்த்து மெல்ல வைக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று தராசு மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது. கண் சரியாகத் தெரியவில்லை என்று சம்பந்தி ஆடுவது மஞ்சள் பந்து. படத்தில் இருந்தது வெள்ளைப் பந்து. தராசின் பந்து. கள்ள ஆட்டம் ஆடுகிறவன் தன் பந்தைத்தானே நகர்த்துவான்?

வேறு யாராக இருந்தாலும் நெகிழ்ந்துபோயிருப்பார்கள். தராசுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. முப்பது வருஷ அனுபவம் சும்மாவா? கடைக்காரர் வாசல்வரை ஓடிவந்து, "வாங்க சார், ஃபேனுக்கு அடியில உட்காருங்க" என்று உபசரித்தால், உள்ளே ஏதோ ஒரு படிக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்காமல் ஒருவன் நல்லது செய்தால் எதையோ மறைக்கிறான். சம்பந்தி எதை மறைக்கிறார்? மகளுக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது? போன மாதம் இளைத்த மாதிரி இருந்தாளே. சாப்பிடும்போது பேசாமல் இருந்தாளே. மாப்பிள்ளை ஏன் அடிக்கடி எழுந்து பால்கனிக்குப் போகிறார்? எல்லாம் ஒன்றுடன் ஒன்று பொருந்துகிற மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், கடைச் சோதனைக்குப் போகிற மாதிரியே போய் அழைப்பு மணியை அமுக்கினார். சம்பந்தி கிளினிக்கில், மாப்பிள்ளை ஆபீசில். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

அவர் உட்காரவில்லை. மகளின் மணிக்கட்டைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தார். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், மாப்பிள்ளை சத்தம் போடுவாரா, காலமான உன் மாமியாரின் நகை எங்கே, என்று வரிசையாகக் கேட்டார். மகள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, உங்களுக்கு இப்போது என்ன தெரியவேண்டும் என்று கேட்டாள். தராசு போனை நீட்டினார்.

அவள் படத்தை முழுசாகப் பார்த்தாள். சம்பந்தி குனிந்து பந்தை வைக்கிற இடம் வந்ததும் அவள் முகம் மாறியது.

"மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. நான்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"நீயா? எதுக்கும்மா?"

"நீங்க மோசமா ஆடிட்டு வர்ற அன்னிக்கு இந்த வீட்டுல யாருக்கும் சாப்பாடு இறங்குறதில்லப்பா."

அப்புறம் நிறுத்தாமல் சொன்னாள். நூற்று இருபத்தொன்று அடித்த அன்றைக்குச் சமையலறைத் தராசில் சர்க்கரைப் பொட்டலத்தை வைத்து, பதினாலு கிராம் குறைகிறது, யார் வாங்கியது என்று மாப்பிள்ளையை நிற்கவைத்துக் கேட்டதை. இன்னொரு ஞாயிறு, சூடு பட்ட அவள் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, இது எப்படி ஆனது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்ததை. மாப்பிள்ளை பால்கனிக்குப் போவது கோபத்தை அடக்க. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது மாமா முன்னால் அழுதுவிட்டாளாம். அப்பா எப்படியாவது நன்றாக ஆடிவிட்டு வரட்டும் என்று கேட்டுக்கொண்டாளாம், பார்த்துக்கலாம்மா என்றாராம் அவர்.

"நல்லா ஆடிட்டு வந்தா நீங்க என்னை ஒண்ணுமே கேக்கறதில்லப்பா. போட்டதைச் சாப்பிடுறீங்க, சிரிக்கிறீங்க. எனக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது."

தராசு, தான் திறந்துபோட்ட அலமாரியைப் பார்த்தார். அவர் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதை, பையன்கள் சும்மா கிடக்கிற தராசைத் துடைக்க ஆரம்பிப்பதை எத்தனை தடவை பார்த்திருப்பார். அதை மரியாதை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். தன் மகள் வீட்டிலும் தன்னைக் கண்டால் அதுதான் நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பையில் கீல் மட்டை இல்லை. முதல் அடியே புதருக்குள் போனது. சம்பந்தி வழக்கம்போல முந்திக்கொண்டு நடந்தார்.

"சம்பந்தி, அதை நானே தேடிக்கிறேன்" என்றார் தராசு.

சம்பந்தி நின்றார். திரும்பி அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். மகள் சொல்லியிருப்பாள் போல. தலையை ஆட்டிவிட்டு, சட்டையில் முள் மாட்டும், பார்த்து என்று மட்டும் சொன்னார். தராசு புதருக்குள் மண்டியிட்டுப் பந்தை எடுக்காமல் அங்கிருந்தே அடித்தார். நாலு அடிக்குப் பிறகுதான் பந்து வெளியே வந்தது. மொத்தம் நூற்று இருபத்துமூன்று. அவர் வாழ்நாளிலேயே மோசமான ஆட்டம்.

கதவைத் திறந்த மகள் முதலில் முகத்தைத்தான் பார்த்தாள். எவ்வளவு என்று கேட்டாள். சொன்னார். உள்ளே மாப்பிள்ளை டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

சாப்பிட உட்கார்ந்தார். எதிரே மேடையில் சமையலறைத் தராசு இருந்தது, பக்கத்தில் பிரிக்காத சர்க்கரைப் பொட்டலம். மகளின் கட்டைவிரலில் புதிதாக ஒரு பிளாஸ்திரி வேறு. தராசுக்குக் கை அரித்தது. நாக்கு நுனிவரை கேள்வி வந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். நன்றாக இருக்கிறது என்றார். மாப்பிள்ளையிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் சரி என்று விட்டுவிட்டார். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்த மாப்பிள்ளைக்குக் கையிலிருந்த கவளத்தை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

மகள் உட்காரவில்லை. பரிமாறுகிற சாக்கில் அவரையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் கொஞ்சம் போடு."

போட்டாள். ஆனால் நம்பவில்லை. அவர் கண் எங்கே போகிறது, கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையைத் தராசுக்கு நன்றாகத் தெரியும், அது அவருடையதுதான். கோபித்துக்கொள்ள நியாயம் இல்லை. மூன்று தடவை சரியாகக் காட்டினால்தான் முத்திரை, இது முதல் ஞாயிறு. தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார்.